மின்னல் மூட்டிய தீயா? – தோரோவின் காட்டுத்தீயும் ஃபிக்ஹின் தராசும்

அமெரிக்கச் சிந்தனையாளர் ஹென்றி டேவிட் தோரோவை (1817–1862) நம் வாசகர்களுக்குப் புதிதாக அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. அடிமை முறைக்குத் துணைநின்ற அரசுக்கு வரி செலுத்த மறுத்து, 1846இல் ஓர் இரவைச் சிறையில் கழித்தவர் அவர். அவ்வனுபவத்தின் பயனாக அவர் எழுதிய கட்டுரையைக் காந்தியடிகள் தென்னாப்பிரிக்காவில் 1907இல் தமது 'இந்தியன் ஒப்பீனியன்' இதழ் வாயிலாக நம்மவர்க்கு எடுத்துரைத்தார். வால்டன் குளக்கரையில் தாமே எழுப்பிய குடிலில் வாழ்ந்து, அவ்வாழ்வை 1854இல் நூலாக்கித் தந்தவரும் அவரே. இயற்கையின் காவலர், மனச்சான்றின் குரல் என்றே உலகம் அவரை அறிந்து வைத்திருக்கிறது.

அந்தச் சித்திரத்தின் ஒரு மூலையில் கரிப்புகை படிந்திருக்கிறது. குளக்கரைக் குடிலில் குடியேறுவதற்கு ஏறத்தாழ ஓராண்டுக்கு முன்னர், 1844ஆம் ஆண்டு ஏப்ரல் 30ஆம் நாள், மாசசூசெட்ஸ் மாநிலத்தில் தம் சொந்த ஊரான கான்கார்டின் காட்டுக்கு அவர் தவறுதலாகத் தீ வைத்துவிட்டார். ஆறாண்டுகள் அதுபற்றி வாய் திறவாதிருந்தவர், 1850இல் தம் நாட்குறிப்பில் அந்நாளை விரிவாக எழுதினார். அந்நாட்குறிப்புகள் 1906இல் 14 தொகுதிகளாக அச்சேறின.

அக்குறிப்பையே நாம் இங்கு ஆராயப் புகுகின்றோம். அதன் நடையழகு பலராலும் பேசப்பட்டதே. நாம் நோக்க விழைவது அதனுள் அமைந்த வாதத்தை. தம்மைத் தாமே விசாரித்துத் தமக்குத் தாமே தீர்ப்பளித்துக்கொண்ட ஒரு மனிதரின் வாதம் அது. தோரோ குற்றவுணர்வையும் ஈட்டுப் பொறுப்பையும் ஒரே பொருளெனக் கொண்டார். முன்னது நெஞ்சை விட்டு அகன்றதும் பின்னதும் அகன்றுவிட்டதாக முடிவு கட்டினார். ஷரீஅத் சட்டவியலோ இவ்விரண்டையும் தனித்தனியே நிறுத்துகிறது. அவ்வாறு நிறுத்துவதிலேயே அதன் நீதியும், சற்று ஆழ்ந்து நோக்கின் அதன் கருணையும் அடங்கியுள்ளன என்பதே இக்கட்டுரையின் கருத்து.

நிகழ்ந்தது

அன்று தோரோவுக்கு வயது 26. உடன் சென்ற எட்வர்ட் ஹோர், ஹார்வர்டு கல்லூரி மாணவர். ஊரில் பெருஞ்செல்வாக்குப் பெற்ற வழக்கறிஞர் சாமுவேல் ஹோரின் மைந்தர். இருவரும் ஆற்றில் படகு செலுத்திச் சென்று மீன் பிடித்தனர். செருப்புத் தைக்கும் தொழிலாளி ஒருவரிடம் தீக்குச்சி பெற்று, ஃபேர்ஹேவன் நீர்நிலையின் கரையில், வெட்டுண்ட மரமொன்றின் அடிக்கட்டையில் மீனைச் சமைக்க நெருப்பு மூட்டினர். மழையின்றி நிலம் வழக்கத்துக்கு மாறாக வறண்டிருந்தது. சென்ற ஆண்டின் காய்ந்த புல் அக்கட்டையைச் சூழ்ந்து நின்றது. நெருப்பு புல்லைப் பற்றியது. கையாலும் காலாலும் அணைக்க முயன்றனர். படகிலிருந்த பலகையைக் கொண்டும் அடித்துப் பார்த்தனர். சரிவான இடமாதலின் தீ மேல்நோக்கி விரைந்தது. இது எங்கே போய் முடியும் என்று நண்பர் வினவ, ஊருக்கே போகும் என்று தோரோ விடையிறுத்தார்.

ஹோர் படகு வழியாகவும் தோரோ காட்டு வழியாகவும் ஊருக்குச் செய்தி சொல்ல விரைந்தனர். வழியில் வண்டியோட்டி வந்த குடியானவர் ஒருவர் புகைக்குக் காரணம் கேட்டார். விவரம் அறிந்ததும், அது தம் பொருளன்று என மொழிந்து தம் வழியே சென்றுவிட்டார். அடுத்து எதிர்ப்பட்டவர் காட்டு நிலத்தின் உரிமையாளர். அவருடன் தோரோ மீண்டும் ஓடினார். நெருப்பால் துரத்தப்பட்டுக் கோடரியுடன் ஓடிவந்த உடல் நலிந்த தச்சர் ஒருவரையும் அவர்கள் கண்டனர். மேலும் ஆள் திரட்ட உரிமையாளர் திரும்பிச் செல்ல, ஓடிக் களைத்த தோரோ மெல்ல நடந்து உயர்ந்த பாறையொன்றின்மீது ஏறி அமர்ந்தார். ஊரின் அபாய மணி கேட்டது. தீ அணுகி வரவே, கீழிறங்கி ஊராரோடு சேர்ந்துகொண்டார். மண்வெட்டிகளைக் கொண்டும் எதிர்த்தீ மூட்டியும் பல மணி நேரம் போராடிய பின்னரே நெருப்பு அடங்கியது.

மே 3ஆம் நாளிட்ட 'கான்கார்ட் ஃப்ரீமன்' ஏடு, சுமார் 300 ஏக்கர் காடு எரிந்ததாகவும் இழப்பு 2000 டாலருக்கு மேற்பட்டதெனவும் செய்தி வெளியிட்டது. இருவரின் பெயரையும் சுட்டாமல், ஊர்க்காரர் இருவரின் சிந்தனையின்மையே காரணமென அது கடிந்துரைத்தது. வழக்கு ஏதும் எழவில்லை. ஹோர் குடும்பத்தின் செல்வாக்கே அதற்குக் காரணமென்றும், இழப்பீட்டை அக்குடும்பமே அளித்ததென்றும் வழிவழியாகச் சொல்லப்பட்டு வருகிறது.

பாறையின்மீது எழுந்த தீர்ப்பு

அபாய மணி ஒலிக்கும் வரை தம்மைக் குற்றவாளியாகவே உணர்ந்ததாகவும், வெட்கமும் வருத்தமுமே நெஞ்சில் நிறைந்திருந்ததாகவும் தோரோ ஒப்புக்கொள்கிறார். பின்னர் அவ்விடத்திலேயே அவர் வழக்கைத் தீர்த்துக்கொள்கிறார். இக்காட்டின் உரிமையாளர் எனப்படுவோர் யார், அவர்களுக்கும் தமக்கும் என்ன உறவு என்று தம்மையே வினவுகிறார். தீ வைத்தது தாமே ஆயினும் தவறேதும் இழைக்கவில்லை; இப்போது அது மின்னல் வைத்த தீயைப் போன்றது; அந்நெருப்பு தனக்கு இயல்பான உணவையே உண்கிறது என முடிவு கூறுகிறார். அதன் பின் அக்காட்சி அவருக்கு மகத்தானதாகத் தோன்றுகிறது. அதைக் கண்டு களிக்க அங்கிருந்தவர் தாம் ஒருவரே என்றும் எழுதுகிறார்.

இவ்வாதத்தை மூன்று படிகளாகப் பகுக்கலாம். ஒன்று, உரிமையாளர்களின் உரிமையை ஐயுறுவது. இரண்டு, தீங்கு செய்யும் எண்ணம் இல்லாமையால் தவறும் இல்லை எனக் கொள்வது. மூன்று, தம் செயலை இயற்கையின் செயலாக மாற்றிவிடுவது. மூன்றாவது படியே நம் ஆய்வுக்கு மிக முதன்மையானது. எனினும் இரண்டாவதிலிருந்தே தொடங்குவோம். பெரும்பாலோர் இடறி விழும் இடம் அதுவே.

பாவம் வேறு, பொறுப்பு வேறு

எண்ணமின்றி நேர்ந்த பிழைக்குக் குற்றம் பிடிக்கப்படாது என்பதைத் திருமறை தெளிவாக அறிவிக்கிறது. தவறுதலாகச் செய்தவற்றில் உங்கள்மீது குற்றமில்லை, உள்ளங்கள் தீர்மானித்துச் செய்தவற்றிலேயே உண்டு என்பது 33:5ஆம் வசனத்தின் கருத்து. மறந்தாலோ தவறிழைத்தாலோ எங்களைப் பிடித்துவிடாதே என இறைஞ்சவும் சூரத்துல் பகராவின் இறுதி வசனம் நமக்குக் கற்பிக்கிறது. இவ்வளவில் நோக்கின், தோரோவின் இரண்டாம் படி நமக்கு உடன்பாடானது போலவே தோன்றும்.

ஆயின் ஃபகீஹ்கள் இவ்விடத்தில் நின்றுவிடவில்லை. இறைவனுக்கும் அடியானுக்கும் இடைப்பட்ட பாவத்தை அவர்கள் 'இஸ்ம்' என்றனர். அடியானுக்கும் அடியானுக்கும் இடைப்பட்ட ஈட்டுக் கடமையை 'தமான்' என்றனர். முன்னது உள்ளத்தின் நிலையைப் பொறுத்தது. பின்னது பிறர் இழந்த பொருளைப் பொறுத்தது. பருவம் எய்தாச் சிறுவன் ஒருவன் பிறர் பொருளை உடைத்துவிட்டால் அவன்மீது பாவமில்லை. ஆனால் அதற்குரிய ஈடு அவனது சொத்திலிருந்தே கொடுக்கப்பட வேண்டும். பசியால் உயிர் போகும் நிலையில் இருப்பவன் பிறர் உணவை அனுமதியின்றி உண்ணலாம்; உண்ணாதிருந்து மடிவதே குற்றம். அப்போதும் அதன் விலையைப் பின்னர் அவன் கொடுத்தாக வேண்டும். நிர்ப்பந்தம் பிறருடைய உரிமையை அழித்துவிடாது என்ற விதி, உஸ்மானியப் பேரரசின் சட்டத் தொகுப்பான 'மஜல்லத்துல் அஹ்காம்' நூலின் 33ஆம் விதியாக இடம் பெற்றுள்ளது. பாவமற்ற செயல், கட்டாயமான செயல் ஆகியவற்றுக்கே ஈடு உண்டெனில், எண்ணமில்லை என்பது மட்டும் ஈட்டைத் தள்ளுபடி செய்யும் காரணமாக எங்ஙனம் ஆகும்?

இதனினும் நுட்பமான சான்று, தவறுதலான கொலை பற்றிய 4:92ஆம் வசனத்தில் உள்ளது. அங்கு கொலையுண்டவரின் குடும்பத்துக்கு 'திய்யத்' எனும் ஈடு விதிக்கப்படுவதோடு, தவறிழைத்தவர்மீது 'கஃப்பாரா'வும் விதிக்கப்படுகிறது. அது இறைவனிடம் பாவமீட்சி தேடுவதாகவும் வருணிக்கப்படுகிறது. கொலை செய்யும் எண்ணமே இல்லாதவனுக்கு மீட்சி எதற்கு? ஹனஃபி சட்ட நூலான 'அல்ஹிதாயா'வின் ஆசிரியர் புர்ஹானுத்தீன் அல்மர்கீனானி (மறைவு: ஹிஜ்ரி 593 / கி.பி. 1197) இதற்கு விடை தருகிறார். கொலைக்கான பாவம் அவன்மீது இல்லை; எனினும் முழுக் கவனத்தைக் கைவிட்டமைக்கான குறை இல்லாமற் போகவில்லை என்பது அவர் விளக்கத்தின் சாரம். கான்கார்டுத் தீயில் எவரும் உயிரிழந்ததாகத் தோரோ எழுதவில்லை. ஆயினும் கோடரியுடன் ஓடிவந்த அந்த நலிந்த தச்சரை நினைக்கும்போது, திய்யத்துக்கும் கஃப்பாராவுக்கும் உரிய வழக்கு எத்துணை அருகில் வந்து விலகிச் சென்றது என்பது விளங்கும்.

நெருப்பு பற்றிய மஸ்அலாக்கள்

பொது விதியிலிருந்து நெருப்புக்கு வருவோம். மதீனாவில் ஓர் இரவு வீடொன்று அதன் மக்களோடு எரிந்த செய்தி நபிகள் நாயகம் (ஸல்) அவர்களுக்கு எட்டியபோது, நெருப்பு உங்கள் எதிரி, உறங்கச் செல்லும்போது அதை அணைத்துவிடுங்கள் என அறிவுறுத்தினார்கள். அபூமூஸா அல்அஷ்அரீ (ரலி) அறிவிக்கும் இச்செய்தி புகாரி, முஸ்லிம் ஆகிய இரு நூல்களிலும் உள்ளது. விளக்குத் திரியை எலி இழுத்துச் சென்று வீட்டாரோடு வீட்டை எரித்துவிடக்கூடும் என்ற எச்சரிக்கையும் வேறோர் அறிவிப்பில் வந்துள்ளது. தீ தன் இயல்புப்படி பரவும் என்பதை அறிந்தே மனிதன் அதைக் கையாள்கிறான். எனவே அந்த இயல்பையே பின்னர் சாக்காகக் காட்ட அவனுக்கு வழியில்லை.

இங்கு ஒரு தடை எழுப்பப்படலாம். நெருப்பினால் விளைவது 'ஜுபார்', அதாவது ஈடு கோர இயலாதது என்ற கருத்தில் அபூதாவூத், இப்னுமாஜா ஆகியோரின் தொகுப்புகளில் ஓர் அறிவிப்பு உண்டு. முற்கால ஹதீஸ் கலை அறிஞர்கள் சிலர் இதன் வாசகத்தை ஐயுற்றனர். கிணறு எனப் பொருள்படும் 'அல்பிஃரு' என்ற சொல்லே எழுத்து ஒப்புமையால் 'அந்நாரு' எனப் பிழைபட வாசிக்கப்பட்டது என்பது அவர்கள் கருத்து. இதனை ஏற்றுக்கொண்டவர்களும் இதற்கு வரையறை கூறினர். தன் தேவைக்காகத் தன் சொந்த இடத்தில் ஒருவன் மூட்டிய தீயைக் காற்று கொண்டுசென்று, அதைத் தடுக்க அவனால் இயலாமற்போன நிலைக்கே அது உரியதென இமாம் கத்தாபி (ரஹ்) விளக்கினார். பொதுவானதொரு விடுதலைப் பத்திரம் இதில் இல்லை.

அந்த வரையறைகளையே மத்ஹபுகள் ஒவ்வொன்றும் தத்தம் முறையில் விரித்துரைக்கின்றன. ஹிதாயாவின் இஜாராப் பகுதியில் வரும் மஸ்அலாவை அரபுக் கல்லூரி மாணவர் யாவரும் ஓதியிருப்பர். குத்தகைக்கோ இரவலாகவோ பெற்ற நிலத்தில் ஒருவன் அறுவடைத் தாளை எரிக்கிறான். அடுத்தவர் நிலத்திலுள்ளதும் எரிந்துபோகிறது. அவன் வரம்பு மீறியவன் அல்லன் என்பதால் அவன்மீது ஈடு இல்லை. தன் வீட்டில் கிணறு தோண்டியவனை அவன் ஒத்திருக்கிறான். ஆனால் இது காற்று அடங்கியிருந்து பின்னர் மாறிய நிலைக்கே பொருந்தும் என்றும், தொடக்கத்திலேயே காற்று வீசிக்கொண்டிருந்தால் அவன் ஈடு தர வேண்டும் என்றும் அங்கேயே ஒரு கூற்று பதிவாகியுள்ளது. தீ தன் நிலத்தில் நிற்காது என்பதை மூட்டியவன் அறிவான் என்பதே அதற்குச் சொல்லப்படும் காரணம்.

ஷாஃபிஈ மத்ஹபில் வழமைக்கு மிஞ்சிய தீயும் பலத்த காற்றில் மூட்டிய தீயும் ஈட்டுக்கு உரியவை. மாலிக்கீ மத்ஹபின் 'அல்முதவ்வனா' இடைவெளியை அளவுகோலாகக் கொள்கிறது: அடுத்தவர் நிலம் தீ எட்டாத் தொலைவில் இருந்து, காற்று பொறியைத் தூக்கிச் சென்றிருந்தால் ஈடில்லை, அச்சத்துக்கு இடமான அண்மையில் இருந்தால் ஈடு உண்டு. ஹன்பலீ மத்ஹபில் இப்னு குதாமா (மறைவு: ஹி. 620 / கி.பி. 1223) தமது 'அல்முக்னீ'யில் இதே வேறுபாட்டை நிறுவுகிறார். காற்று, அளவு, தொலைவு என உதாரணங்கள் மாறினும் நான்கு மத்ஹபுகளும் கேட்கும் கேள்வி ஒன்றே. அத்தீ அங்கேயே நிற்கும் என்று நம்புவதற்கு மூட்டியவனுக்கு நியாயம் இருந்ததா?

இந்த அளவுகோலைக் கான்கார்டுக்குப் பொருத்துவோம். முதலாவதாக, அந்நிலம் தோரோவுடையதன்று. ஊர் வழக்கப்படி எவரும் அங்கே உலவலாம், மீன் பிடிக்கலாம் என்ற மறைமுக அனுமதி இருந்ததாகவே வைத்துக்கொள்வோம். பொது வழியில் நடப்பதற்கான அனுமதிகூடப் பிறருக்குத் தீங்கு நேராமை என்னும் நிபந்தனைக்கு உட்பட்டது என்பது ஃபகீஹ்களின் நிலைபாடு. உலவுவதற்கான அனுமதி, காய்ந்த புல்லின் நடுவே நெருப்பு மூட்டுவதற்கான அனுமதியாகாது. இரண்டாவதாக, நிலம் வழக்கத்துக்கு மாறாக வறண்டிருந்தது என்பது அவருடைய வாக்குமூலமே. ஃபகீஹ்கள் காற்றை எடுத்துக்கூறியது ஓர் உதாரணமாகத்தான். தீ நிற்காது என்ற அறிவே சட்டத்தின் காரணமான 'இல்லத்'. உலர்ந்த புல்லிலும் அதே காரணம் நிலவுகிறது. மூன்றாவதாக, இது நிர்ப்பந்தமும் அன்று. எத்துணை அற்பமான காரணத்துக்காக இது நேர்ந்தது என எண்ணிச் சிறிது வெட்கியதாக அவரே எழுதுகிறார்.

எனவே அவர் 'முதஸப்பிப்', அதாவது தீங்குக்குக் காரணமாய் அமைந்தவர். 'தஅத்தீ' எனும் வரம்பு மீறல் அவரிடம் நிகழ்ந்துள்ளது. ஆகவே தமான் அவர்மீது உறுதியாகிறது. மஜல்லாவின் 93ஆம் விதியில், காரணமாய் அமைந்தவன் வேண்டுமென்றே செய்தாலன்றி ஈடு தரான் என்ற பொருளில் 'தஅம்முத்' என்ற சொல்லே காணப்படுகிறது என்று சிலர் வாதிடலாம். ஃபிக்ஹ் நூல்களில் உள்ள உதாரணங்களை நோக்கின், வேண்டப்படும் நிபந்தனை வரம்பு மீறலே. தீங்கிழைக்கும் நோக்கம் அன்று. பொது வழியில் கிணறு தோண்டியவன் எவரையும் வீழ்த்த எண்ணியவன் அல்லன். எனினும் அவனே பொறுப்பாளி.

மின்னலும் ரயில் எஞ்சினும்

இனி மூன்றாம் படி. மின்னலால் நேரும் தீ, ஃபிக்ஹின் வழக்கில் 'ஆஃபத் ஸமாவிய்யா', அதாவது வானிலிருந்து இறங்கிய ஆபத்து எனப்படும். அதற்கு எவரும் ஈடு தர வேண்டியதில்லை. ஏனெனில் அதன் காரணச் சங்கிலியில் மனிதக் கை இல்லை. தோரோ செய்தது யாதெனில், தம் கையால் மூட்டிய தீயை அது கட்டுக்கடங்காமற் போன கணத்திலிருந்து வானத்தின் கணக்கில் எழுதிவிட்டார். தீங்கு பெரிதாகப் பெரிதாக, செய்தவனின் பொறுப்பு கரைந்து போகும் விந்தையை இங்குக் காண்கிறோம். ஒரு கைப்பிடிப் புல்லை எரித்திருந்தால் அது அவர் செயல். 300 ஏக்கரை எரித்தமையால் அது இயற்கையின் செயல்! இந்தத் தருக்கத்தை ஏற்பின் உலகில் பெருங்கேடு எதற்கும் பொறுப்பாளர் எவரும் இலர் என்றாகிவிடும்.

ஷரீஅத்தின் அளவுகோலை அதனை ஏற்காதவர்மீது சுமத்துவது முறையா என வினவலாம். அவர் காலத்து, அவர் நாட்டுச் சட்டத்தையும் பார்ப்போம். மூதாதை இங்கிலாந்தின் பொதுச் சட்டத்தில், தன் இடத்திலிருந்து பரவிய தீக்கு ஒருவன் விடை சொல்ல வேண்டும் என்ற கடுமையான விதி 1401ஆம் ஆண்டு வழக்கொன்றிலேயே காணப்படுகிறது. 1774ஆம் ஆண்டுச் சட்டம் தற்செயலாக நேர்ந்த தீக்கு விலக்களித்தது. ஆனால் கவனக்குறைவால் எழுந்த தீ தற்செயல் ஆகாது என 1847இல் ஃபில்லிட்டர்–ஃபிப்பார்டு வழக்கில் தீர்க்கப்பட்டது. மாசசூசெட்ஸிலோ, கவனக்குறைவாகத் தீயிட்டு அயலார் சொத்தை எரித்தவன் இழப்பீடு தர வேண்டும் என்பது 1838ஆம் ஆண்டுப் பார்னார்டு–பூர் வழக்கிலேயே நிலைபெற்றிருந்தது. தோரோ நாட்குறிப்பு எழுதிய அதே 1850இல் அம்மாநில உச்ச நீதிமன்றம் பிரவுன்–கெண்டால் வழக்கில், எண்ணமின்றி விளைந்த தீங்குக்கு உரிய கவனம் செலுத்தப்பட்டதா என்பதே உரைகல் என்றது. தவறுதல் என்ற ஒற்றைச் சொல் அங்கும் எவரையும் விடுவிக்கவில்லை.

தம் தரப்புக்கு வலுச் சேர்ப்பதாக எண்ணித் தோரோ மற்றொன்றையும் குறிப்பிடுகிறார். பின்னாளில் ரயில் எஞ்சின் அதே நிலத்தையும் அதற்கு மேலும் எரித்து, முந்தைய தீயின் நினைவை ஒருவாறு அழித்துவிட்டதாம். இச்சான்று அவருக்கு எதிராகவே திரும்புகிறது. எஞ்சினிலிருந்து பரவும் தீயால் நேரும் இழப்புக்கு, கவனக்குறைவு மெய்ப்பிக்கப்படாவிடினும் ரயில் நிறுவனமே பொறுப்பு என மாசசூசெட்ஸ் சட்டமன்றம் 1840இலேயே விதித்துவிட்டது. நெருப்பைத் தன் தேவைக்காக ஊரினூடே கொண்டு செல்பவன் அதன் விளைவையும் சுமக்க வேண்டும் என்ற நெறி அது. அவர் சுட்டிக்காட்டிய எஞ்சினுக்கே சட்டம் ஈட்டுப் பொறுப்பை விதித்திருந்தது. அவர் தமக்கு அதையும் விதித்துக்கொள்ளவில்லை.

உரிமையாளர் யார்?

முதற்படிக்குத் திரும்புவோம். காட்டின் உரிமையாளர்கள் அதை மதித்தவர்கள் அல்லர், வெறும் விறகாகக் கண்டவர்கள் என்பது தோரோவின் உள்ளக்கிடக்கை. அதில் உண்மை இருக்கலாம். ஆயினும் ஒருவன் தன் பொருளின் அருமையை உணராதவன் என்பதால் அவனது உரிமை மற்றவர்க்கு ஆகுமானதாகிவிடாது. மேலும், காட்டின் உரிமை பத்திரம் வைத்திருப்போரோடு முடிவதன்று. தீக்கு முன்னே குருட்டு வேகத்தில் ஓடிய அணில்களையும் புகைக்குள் பாய்ந்த புறாக்களையும் அவரே பதிவு செய்கிறார். எறும்பொன்று கடித்தமைக்காக எறும்புப் புற்றையே எரித்துவிட்ட இறைத்தூதர் ஒருவர், துதிசெய்யும் ஒரு சமுதாயத்தையே அழித்தீரே எனக் கண்டிக்கப்பட்ட நிகழ்ச்சியை ஹதீஸ்கள் நமக்கு அறிவிக்கின்றன. மனித உரிமையாளரை மறுத்துவிட்டால் வழக்கு முடிந்துவிடாது. வழக்காடிகளின் தொகையே பெருகும்.

இங்கு அக்குறிப்பின் மிகக் கூர்மையான பகுதியை நினைவுகூர வேண்டும். தம் பொருளன்று எனக் கூறிப் போன அதே குடியானவர், பின்னர் தாம் அடுக்கி வைத்திருந்த விறகைக் காக்கத் தீயின் நடுவே போராடியதையும், அது எரிந்தே போனதையும் தோரோ நுண்ணிய எள்ளலோடு காட்டுகிறார். அயலாரின் இழப்பில் அக்கறையற்றவனைத் தீ தேடி வந்தது என்பது அக்காட்சி புகட்டும் பாடம். ஆயின், இக்காட்டின் உரிமையாளர்களோடு தமக்கு என்ன உறவு என்று பாறையின்மீது அமர்ந்து கேட்டவரும், அது தம் பொருளன்று என்று வண்டியில் அமர்ந்து சொன்னவரும் ஒரே மொழியையே பேசினர் என்பதை எழுதியவர் கவனிக்கவில்லை. பிறரிடம் கண்ட குறையைத் தம்மிடம் காணாத இக்குருடு, பேனா பிடித்தோர் யாவர்க்கும் அச்சமூட்டுவதாகும்.

துயரம் ஈடாகுமா?

நடுநிலை பிறழாதிருக்க, தோரோவின் வேறொரு முகத்தையும் காட்ட வேண்டும். 'வால்டன்' நூலில் அவர் இவ்விபத்தைப் போகிற போக்கில் தொடுகிறார். காட்டின் எப்பகுதி எரிந்தாலும், அது தம்மாலேயே தற்செயலாக எரிந்திருப்பினும், உரிமையாளர்களைவிட நீண்ட, ஆற்றொணாத் துயரை அடைந்ததாக அங்கே கூறுகிறார். நாட்குறிப்பில் மின்னலாக நின்றவர், நூலில் துயருறுபவராக நிற்கிறார். இவ்விரண்டும் முரண்போலத் தோன்றினும் ஓரிடத்தில் ஒன்றுபடுகின்றன: இரண்டிலும் உரிமையாளர்கள் காணாமற் போகிறார்கள். முன்னதில் அவர்களது உரிமை மறுக்கப்படுகிறது. பின்னதில் அவர்களது துயரம் சிறிதாக்கப்படுகிறது.

தவ்பாவின் நிபந்தனைகளுள் வருந்துதல் முதன்மையானது. எனினும் அடியார்களின் உரிமை சம்பந்தப்பட்ட இடத்தில், உரியவர்க்கு உரியதைச் சேர்ப்பதோ அவரிடம் பொறுத்தருளப் பெறுவதோ இன்றித் தவ்பா நிறைவடையாது என்பதில் அறிஞரிடையே கருத்து வேறுபாடில்லை. தம் சகோதரருக்கு அநீதி இழைத்தவர், தீனாரும் திர்ஹமும் பயன் தராத அந்நாள் வருமுன் இன்றே அதிலிருந்து விடுபட்டுக்கொள்ளட்டும் என்பது நபிமொழி. ஈட்டை ஹோர் குடும்பம் கொடுத்தது உண்மையாயின், பொருட்கடன் தீர்ந்தது. பிறர் கடனைத் தாமே முன்வந்து தீர்ப்பது செல்லும். ஆனால் ஒரு வார்த்தை எஞ்சி நிற்கிறது. உரிமையாளர்களுள் சிலர் தம் இழப்பை ஆண்மையோடு தாங்கினர் என எழுதும் தோரோ, மற்றவர்கள் மறைவில் தம்மைப் போக்கிரி என ஏசினர் என்றும், சிலர் ஆண்டுகள் பல கடந்தும் எரிந்த காட்டைச் சொல்லித் தம் முதுகுக்குப் பின்னே கூவினர் என்றும், அவர்கள் எவரோடும் தமக்குப் பேச்சில்லை என்றும் முடிக்கிறார். பொறுமை காத்தவரிடமும் அவர் பேசவில்லை, ஏசியவரிடமும் பேசவில்லை. அந்தப் பேசப்படாத சொல்லே அத்தீயின் அணையாத கங்கு.

கத்ர் யாருடைய சொல்?

இவ்வாய்வை வேற்று நாட்டாரின் குறைகாணும் முயற்சியாக எவரும் கொள்ள வேண்டா. மின்னல் எனத் தோரோ சொன்ன இடத்தில், நம்மவர் 'கத்ர்' என்று சொல்கிறோம். அடுப்பை அணைக்க மறந்தவர், மின்கம்பியைப் பழுது பார்க்காது விட்டவர், வெடி கொளுத்தி அடுத்தவர் கூரையை எரித்தவர், அல்லாஹ்வின் நாட்டம் என்று ஒரு சொல்லால் கணக்கை மூடிவிடுவதை நாம் கண்டதில்லையா? யாவும் இறைநாட்டப்படியே நிகழ்கின்றன என்பது நம் ஈமானின் அங்கம். ஆனால் துன்பம் நேர்ந்தவர் ஆறுதலுக்காகப் பற்றிக்கொள்ள வேண்டிய சொல் அது. தவறிழைத்தவர் தப்பித்துக்கொள்ளும் வாயில் அன்று என அகீதா அறிஞர்கள் வரையறுத்துள்ளனர். வீடிழந்தவர் கத்ர் என்றால் அது பொறுமை. வீட்டை எரித்தவர் கத்ர் என்றால் அது இழந்தவரின் பொறுமையைத் தம் இலாபமாக்கிக்கொள்வது.

இவ்வாறு பொறுப்பை வலியுறுத்துவது தவறிழைத்த எளியவனை நசுக்குவதாகாதா என ஒருவர் கேட்கலாம். ஷரீஅத்தின் கருணை வெளிப்படுவது இவ்விடத்தில்தான். எண்ணமில்லாத தீங்குக்காக அவன்மீது பாவச் சுமை ஏற்றப்படுவதில்லை. அவனைத் தீயவன் என முத்திரையிட எவருக்கும் உரிமையில்லை. கொடுக்க இயலாத கடனாளிக்கு வசதி வரும் வரை அவகாசம் தருமாறும், தள்ளுபடி செய்வது இன்னும் நன்று எனவும் 2:280ஆம் வசனம் போதிக்கிறது. ஸகாத் பெறத்தக்க எண்மருள் 'ஃகாரிமீன்' எனும் கடனாளிகளும் அடங்குவர். வீடு எரிந்து பொருளிழந்தவர் இவ்வகையினரே எனத் தாபிஈ முஜாஹித் (ரஹ்) விளக்கினார். பாவ நோக்கமின்றிக் கடன்பட்டவரும் அதே வகையில் சேர்வார். ஒரே தீயினால் இழந்தவரும் கடன்பட்டவரும் சமுதாயத்தின் ஒரே பொதுநிதியின் முன் அருகருகே வந்து நிற்க இயலும்.

அவ்வாறு வந்து நிற்பதற்கு முதலில் ஒன்று தேவை: கடன் உண்டு என்ற ஒப்புதல். ஒப்புக்கொண்டவனுக்கே அவகாசம்; ஒப்புக்கொண்டவனுக்கே மன்னிப்பு; ஒப்புக்கொண்டவனுக்கே ஸகாத். கடனே இல்லை என மறுத்தவனுக்கு இக்கதவுகளில் எதுவும் திறவாது. அநீதியான அரசின் முன் தலைவணங்காத தோரோவின் துணிவை நாம் மதிக்கின்றோம். ஆனால் சிறைக்குச் செல்லும் துணிவைவிட, காடு எரிந்த அயலாரின் வாயிலில் சென்று நின்று, என்னால் நேர்ந்தது, பொறுத்தருளுங்கள் எனச் சொல்லும் துணிவு அரிதானது என்பதை அவர் வாழ்வே நமக்கு உணர்த்துகிறது. அத்துணிவை அல்லாஹ் நம் அனைவருக்கும் நல்குவானாக. அவனே மிக அறிந்தவன்.